மலிவு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஸ்கேனில் தடுமாறுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கலாம்

வீட்டில் எந்த மூலையில் வைஃபை செத்துப்போகிறது, அக்கம்பக்கத்து ரவுட்டர்களெல்லாம் எந்தச் சேனலில் குவிந்து கிடக்கின்றன, கடையில் மாட்டிய கேமரா ஏன் சாயங்காலமானால் மட்டும் அறுந்து அறுந்து வருகிறது என்று பார்க்கத்தான் முதன்முதலில் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டு இணையத்துக்கு வேண்டும், அதை ஸ்கேனுக்குக் கொடுத்துவிட்டால் மற்ற வேலை நின்றுவிடும். 300, 400 ரூபாயிலிருந்து கிடைக்கிறதே என்று ஒன்று இரண்டாகி, இப்போது ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது. அதில் மூன்றைக் கெட்டுப்போனவை என்று தனியாக எடுத்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தபோதுதான் தெரிந்தது, அந்த மூன்றில் இரண்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றுக்கு டிரைவர் இல்லை, இன்னொன்றுக்கு நான் செருகிய போர்ட் சரியில்லை.

மலிவு அடாப்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் காரணம் நான்கு இடத்தில் இருக்கலாம்: சிப், டிரைவர், மின்சாரம், நீங்கள் அளந்த விதம். இந்த நான்கையும் பிரித்துப் பார்க்காமல் இது நல்லது அது மோசம் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, அதுவும் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் பிரித்துப் பார்த்தாக வேண்டும். நான் சொல்வதெல்லாம் லினக்ஸுக்கு. உபுண்டு, டெபியன், காளி, ராஸ்ப்பெர்ரி பை எதுவானாலும் கட்டளைகள் ஒன்றுதான். கட்டளைகளின் பெயரை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் என்று நான் சொல்வது காற்றில் வருவதைக் கேட்டுப் பட்டியல் போடுவதை மட்டும்தான். உங்களுடையதல்லாத நெட்வொர்க்குக்குள் அனுமதியில்லாமல் நுழையப் பார்ப்பது வேறு கதை, இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் அதற்குத்தான் இருக்கின்றன. உங்கள் ரவுட்டர், உங்கள் அலுவலகம், எழுத்தில் அனுமதி கொடுத்தவருடைய இடம் என்று அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: உள்ளே இருப்பது என்ன சிப்?

பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். 1200 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே இழுத்துவிட்ட கணக்கு அது. ஸ்கேனுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. ஸ்கேனுக்கு வேண்டியது சிப்பின் பெயர், அது பெட்டியில் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சில சமயம் உள்ளே வேறு இருக்கும். ஒரே மாடல் பெயரில் சிப்பையே மாற்றிவிடுவதும் உண்டு. இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என். முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர் 9271 இருந்தது, ஸ்கேன் வேலைக்குத் தங்கமான சிப். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் ஆர்டிஎல் 8188 வரிசைக்கு மாறிவிட்டார்கள். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட அதேதான், ஆண்டெனாவும் அதேபோலத்தான் நிற்கிறது. பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு இன்று அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் கைக்கு வருவது வேறு பொருள்.

கடையிலோ வீட்டிலோ செருகியதும் எல்எஸ்யுஎஸ்பி என்று அடியுங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு நான்கு குறிகளாக இரண்டு துண்டு, நடுவில் முக்காற்புள்ளி. அந்த இரண்டாவது துண்டுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 9271 என்றால் ஏதெரோஸ் ஏஆர் 9271. 3070, 5370 என்றால் ராலிங்க். 7601 என்றால் மீடியாடெக் எம்டி 7601யு, நகக்கண் அளவில் வரும் மலிவு அடாப்டர்கள் நிறைய இதுதான். 7612 என்றால் மீடியாடெக் எம்டி 7612யு, இரண்டு அலைவரிசையும் பிடிக்கும். 8179 என்றால் ரியல்டெக் ஆர்டிஎல் 8188இயு. 8812 என்றால் ஆர்டிஎல் 8812ஏயு. நிறுவனங்கள் சொந்த எண்ணைப் போட்டுக்கொள்வதும் உண்டு, அப்போது இரண்டு துண்டையும் சேர்த்து இணையத்தில் தேடினால் சிப் தெரிந்துவிடும்.

என் அனுபவத்தில், 2.4 மட்டும் போதும் என்பவர்களுக்கு ஏஆர் 9271. அதன் ஃபர்ம்வேர்கூட (சிப்புக்குள் ஏற்றும் நிரல்) திறந்த மூலநிரல், டிரைவர் கெர்னலோடு, அதாவது லினக்ஸின் மையப் பகுதியோடு வருகிறது, மானிட்டர் மோடில் (எந்த நெட்வொர்க்கிலும் சேராமல் காற்றில் வருவதையெல்லாம் கேட்கும் நிலை) சண்டித்தனம் செய்வதில்லை. அது கிடைக்காவிட்டால் ராலிங்க் 5370 அல்லது 3070. இரண்டு அலைவரிசையும் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து எம்டி 7612யு வாங்குங்கள், கெர்னல் 4.19 முதல் அதற்கு டிரைவர் உள்ளேயே இருக்கிறது. ரியல்டெக்கை நான் வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் ரியல்டெக் வாங்குகிறவர் டிரைவரோடு மல்லுக்கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

செருகினேன், எதுவுமே நடக்கவில்லை

எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் அடாப்டர் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் பாருங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வழி வேறு வேறு.

பட்டியலிலேயே இல்லை என்றால் டிரைவரைத் தேடிப் பயனில்லை. கணினிக்கு அப்படியொரு பொருள் வந்ததே தெரியவில்லை என்று அர்த்தம். வேறு போர்ட்டில், இடையில் ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத்துப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் போடுங்கள். டிமெஸ்ஜி என்று அடித்துக் கடைசி இருபது வரியைப் படியுங்கள். எரர் மைனஸ் 71 அல்லது மைனஸ் 110 என்று திரும்பத் திரும்ப வந்தால் கேபிளோ, தொடுமுனையோ, மின்சாரமோ சரியில்லை. வேறு இரண்டு கணினியிலும் இதே கதை என்றால் அடாப்டர்தான் போயிருக்கிறது, மேலே எதுவும் செய்யாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் சிடி டிரைவ் மாதிரி வருகிறதா? ரியல்டெக் அடாப்டர்கள் சிலவற்றில் விண்டோஸ் டிரைவரை உள்ளேயே ஒரு சின்னச் சிடியாக வைத்து விற்கிறார்கள். செருகியதும் அடாப்டர் தன்னை வட்டாகத்தான் அறிமுகப்படுத்திக்கொள்ளும், வைஃபையாக அல்ல. அந்தச் சிடியை இஜெக்ட் செய்தால் ஓரிரு வினாடியில் எண் மாறி வைஃபையாக வந்து நிற்கும். ஃபைல் மேனேஜரில் இஜெக்ட் குறியை அழுத்தினாலே போதும், ஒவ்வொரு முறையும் செய்யச் சலிப்பாக இருந்தால் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற பொதியை நிறுவிக்கொள்ளுங்கள். இது தெரியாமல்தான் நான் ஒரு நல்ல அடாப்டரை நான்கு மாதம் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

பட்டியலில் சரியாக இருக்கிறது, சிப்பும் தெரிகிறது, ஆனால் ஐபி லிங்க் என்று அடித்தால் புதிதாக ஒரு இடைமுகம் (அடாப்டருக்கு லினக்ஸ் பெயர் வைத்துக் காட்டும் வரி) வரவில்லை. இப்போதுதான் டிரைவர், ஃபர்ம்வேர் பக்கம் போக வேண்டும். மறுபடியும் டிமெஸ்ஜி. ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை, மைனஸ் 2 என்று வந்தால் கோப்பு உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான். டெபியனின் பழைய பதிப்புகளில் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரைத் தனியாகத்தான் போட வேண்டும், 12ஆம் பதிப்பிலிருந்து நிறுவும்போதே சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் நிறுவும் நேரத்தில் இந்த அடாப்டர் செருகியிருக்கவில்லை என்றால் அதற்கான கோப்பு வராமல் போயிருக்கலாம். பொதியை நிறுவி, அடாப்டரைக் கழற்றி மறுபடி செருகினால் முடிந்தது.

டிமெஸ்ஜியில் ஃபர்ம்வேர் பற்றிப் பேச்சே இல்லை, அடாப்டரின் பெயர் மட்டும் வந்து அப்படியே நின்றுவிட்டது என்றால், அந்தச் சிப்புக்கு உங்கள் கெர்னலில் டிரைவர் இல்லை. யுனேம் ஆர் என்று பார்த்துக் கெர்னல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்டி 7601யு என்றால் 4.2 முதல் உண்டு. ஆர்டிஎல் 8188இயு 6.3 முதல் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யு என்ற டிரைவருக்குள் வந்துவிட்டது. ஆர்டிஎல் 8812ஏயு வைத்திருப்பவர்கள் 6.14லோ அதற்குப் பிந்தைய கெர்னலிலோ இருந்தால் வெளியிலிருந்து எதையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. அதனால் டிரைவர் தேடி இணையத்தில் அலைவதற்கு முன்னால் புதிய கெர்னல் உள்ள ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு லைவாக ஏற்றிப் பாருங்கள், இருபது நிமிட வேலை, பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நேற்று வரை ஓடியது, அப்டேட் செய்ததும் போய்விட்டது

வெளியிலிருந்து டிரைவர் கம்பைல் செய்து போட்டவர்களுக்கு வரும் தொல்லை இது. கெர்னல் மாறியதும் பழைய கெர்னலுக்குக் கட்டிய டிரைவர் பொருந்தாது. டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக நிறுவியிருந்தால் தானாகவே மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் புதிய கெர்னலின் ஹெடர் பொதி (டிரைவர் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடித்துப் பாருங்கள், புதிய கெர்னலின் எண்ணுக்கு நேராக இன்ஸ்டால்ட் என்று வர வேண்டும். வந்தும் ஏறவில்லை, கீ ஏற்கப்படவில்லை என்கிற மாதிரி பிழை வருகிறது என்றால் கையொப்பமில்லாத நிரலை ஏற்க விடாத செக்யூர் பூட் தடுக்கிறது. டிரைவருக்குக் கையொப்பமிட்டு அந்தச் சாவியை எம்ஓகே என்ற சாவிப் பட்டியலில் பதிவு செய்வதுதான் முறையான வழி. செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது சுலபம், ஆனால் அலுவலக லேப்டாப்பில் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

இடைமுகம் வந்துவிட்டது, ஸ்கேன் கொடுத்தால் பிழை

மைனஸ் 1 என்று முடிந்தால், நிர்வாகி உரிமை கொடுக்கும் சுடோவைக் கட்டளைக்கு முன்னால் போடவில்லை. நெட்வொர்க் டவுன் என்று வந்தால் இடைமுகம் எழுப்பப்படவில்லை, ஐபி லிங்க் செட் அப் கொடுங்கள். அதற்கும் மறுத்து ஆர்எஃப்கில் (வைஃபையை அணைத்து வைக்கும் பூட்டு) என்று சொன்னால் ஆர்எஃப்கில் லிஸ்ட் பாருங்கள், ஏரோப்ளேன் மோட் விசையை எப்போதோ தட்டியிருப்பீர்கள், அது யுஎஸ்பி அடாப்டரையும் சேர்த்துத் தூங்கவைத்திருக்கும். சாஃப்ட் பிளாக் என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை போதும்.

மைனஸ் 16 என்றால் வேறு யாரோ அந்த அடாப்டரைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் கணினியின் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர், அதுவும் அதே நேரத்தில் ஸ்கேன் செய்துகொண்டிருக்கும். பத்து வினாடி விட்டு மறுபடி முயன்றால் சரியாகிவிடும், அடிக்கடி வந்தால் இந்த அடாப்டரை மட்டும் கையாள வேண்டாம் என்று நெட்வொர்க் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். மைனஸ் 95 என்றால் நீங்கள் கேட்டதை அந்த டிரைவர் செய்யாது என்று பொருள், அதற்கு மருந்து டிரைவரை மாற்றுவதுதான்.

பட்டியலில் சில நெட்வொர்க்குகள் வரவே இல்லை

ஃபோனில் தெரிகிறது, அடாப்டரில் தெரியவில்லை. இந்தப் புகார் வந்தால் நான் முதலில் கேட்பது, அந்த நெட்வொர்க் 5 கிகாஹெர்ட்ஸா என்றுதான். ஏஆர் 9271, 3070, 5370, எம்டி 7601யு, 8188இயு எல்லாமே 2.4 மட்டும் கேட்பவை, அவற்றின் மேல் எத்தனை ஆண்டெனா முளைத்திருந்தாலும் 5 வராது. ஐடபிள்யூ லிஸ்ட் அடித்து அந்த அடாப்டரின் பகுதியில் பேண்ட் 1 மட்டும் இருக்கிறதா, பேண்ட் 2 உம் இருக்கிறதா என்று பாருங்கள். 1 என்பது 2.4, 2 என்பது 5, பேண்ட் 4 இருந்தால் 6 கிகாஹெர்ட்ஸ். இரண்டு அலைவரிசை என்று சொல்லி விற்றதில் பேண்ட் 2 இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்.

பேண்ட் 2 இருந்தும் ஏரோடம்ப் என்ற ஸ்கேன் மென்பொருளில் 5 வரவில்லை என்றால், அது சும்மா விட்டால் 2.4ஐ மட்டும்தான் சுற்றும். பேண்ட் என்ற விருப்பத்தில் ஏபிஜி கொடுத்தால்தான் இரண்டையும் சுற்றும். எத்தனையோ பேர் இதற்காகவே அடாப்டரைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நாட்டுக் குறியீடு. ஐடபிள்யூ ரெக் கெட் கொடுத்தால் 00 என்று வருகிறதா? எந்த நாடு என்று தெரியாதபோது கெர்னல் எடுத்துக்கொள்ளும் ஜாக்கிரதையான நிலை அது, 12, 13ஆம் சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் தானாக எதையும் அனுப்பாமல் காதை மட்டும் திறந்து வைத்திருக்கும். கேள்வி அனுப்பாமல், ரவுட்டர் தன் பெயரைச் சொல்லி விட்டுவிட்டு அனுப்பும் பீக்கனுக்குக் காத்திருப்பதால் சில நெட்வொர்க்குகள் ஒரு சுற்றில் தவறிப்போகும். இந்தியாவில் இருந்தால் இந்தியாவின் குறியீட்டைப் போடுங்கள். 2018 அக்டோபர் அறிவிக்கைக்குப் பிறகு இங்கே 5150 முதல் 5350 மெகாஹெர்ட்ஸ் வரையும் 5470 முதல் 5875 வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், எனவே 36 முதல் 64, 100 முதல் 144, 149க்கு மேல் என்று மூன்று கூட்டத்தையும் சுற்ற வேண்டும். பொலிவியா என்று போட்டால் சக்தி கூடும் என்று ஒரு குறிப்பு பல வருஷமாகச் சுற்றி வருகிறது. அது அனுப்பும் சக்திக்கான விஷயம். நாம் கேட்கிறோம், அனுப்பவில்லை, அதனால் கேட்கும் திறன் ஒரு துளியும் கூடாது. சட்டப்படியும் தப்பு, பிரயோஜனமும் இல்லை.

மானிட்டர் மோட் வரமாட்டேன் என்கிறது, அல்லது வந்தும் வெறுமையாக இருக்கிறது

சாதாரண ஸ்கேனில் பெயர்ப் பட்டியல்தான் கிடைக்கும். எந்தச் சேனலில் எவ்வளவு நெரிசல், எத்தனை சாதனம் என்று பார்க்க மானிட்டர் மோட் வேண்டும். ஐடபிள்யூ லிஸ்ட்டில் சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ் மோட்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே மானிட்டர் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் இந்த டிரைவரில் இல்லை. சிப்பால் முடியாது என்று முடிவுகட்டாதீர்கள், வேறு டிரைவரில் வரலாம். 8188இயு வைத்திருப்பவர்கள் நீண்ட காலம் இதற்காகவே வெளி டிரைவர் தேடிக் கம்பைல் செய்தார்கள்.

வரி இருக்கிறது, மாற்றும்போது மைனஸ் 16 வருகிறது என்றால் வரிசை தப்பு. முதலில் இடைமுகத்தை டவுன் செய்ய வேண்டும், பிறகு டைப் மானிட்டர், பிறகு அப். ஏரோடம்ப்போடு வரும் ஏர்மான் இதையெல்லாம் தானே செய்யும், ஆனால் அது செக் கில் கொடுக்கும்போது நெட்வொர்க் மேனேஜரையே கொன்றுவிடும், லேப்டாப்பின் சொந்த வைஃபையும் கூடவே போய்விடும். தூரத்தில் உள்ள கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக உட்கார்ந்துகொண்டு இதை அடித்தால் உங்கள் இணைப்பே அறுந்துவிடும், ஜாக்கிரதை.

சில லினக்ஸில் இடைமுகத்தின் பெயர் டபிள்யூஎல்எக்ஸ் என்று தொடங்கி அடாப்டரின் மேக் முகவரியையும் சேர்த்து நீளமாக இருக்கும். அதுவே 15 எழுத்து, லினக்ஸ் அனுமதிக்கும் உச்சமும் 15தான், அதனால் ஏர்மான் வழக்கம்போலக் கடைசியில் மான் என்று ஒட்டுவதற்கு இடமில்லை. ஏர்மான் பெயரைப் பழைய பாணிக்கு மாற்றிவிடும், நீங்கள் பழைய நீளப் பெயரையே தேடிக்கொண்டிருந்தால் அடாப்டர் காணாமல் போன மாதிரித் தோன்றும்.

மோட் மாறிவிட்டது, ஆனால் திரை காலி. ஐடபிள்யூ டெவ் கொடுத்து அது எந்தச் சேனலில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சேனலே காட்டவில்லை என்றாலோ, நீங்கள் 6 வைத்ததை வேறொன்று 11க்கு இழுத்துக்கொண்டு போனாலோ, மறுபடியும் நெட்வொர்க் மேனேஜரோ டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டோதான். இரண்டையும் அந்த அடாப்டரிலிருந்து விலக்கியும் ஒரு பீக்கன்கூட வரவில்லை, அதே அடாப்டர் சாதாரண மோடில் நெட்வொர்க்குகளைக் காட்டுகிறது என்றால் டிரைவரின் மானிட்டர் மோட் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. இப்படிப்பட்டதை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் போராட வேண்டாம் என்பது என் கருத்து.

பீக்கன் எண்ணிக்கை ஏறுகிறது, டேட்டா மட்டும் பூஜ்யம் என்பது இன்னொரு வகை, இது பெரும்பாலும் பழுதே கிடையாது. பீக்கன்கள் பழைய, மெதுவான வேகத்தில் அனுப்பப்படுகின்றன, எல்லா அடாப்டருக்கும் புரியும். டேட்டாவோ இரண்டு ஸ்ட்ரீமில் (ஒரே நேரத்தில் இரண்டு ஓடையாக), 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பறக்கிறது, ஒற்றை ஸ்ட்ரீம் மட்டுமே தெரிந்த பழைய 11என் சிப்புக்கு அதைப் பிரித்துப் படிக்க வராது. எந்தச் சேனலில் எத்தனை ரவுட்டர் என்று பார்க்க பீக்கனே போதும்.

நடுவில் திடீரென்று மறைந்துபோகிறது

ஸ்கேன் ஓடுகிறது, ஐந்து நிமிடத்தில் இடைமுகம் காணோம், கழற்றிச் செருகினால் வருகிறது. டிமெஸ்ஜியில் யுஎஸ்பி டிஸ்கனெக்ட் என்ற வரி இருந்தால் டிரைவரை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்பியர் கொடுக்கும், 3.0 போர்ட் 900. சக்தி கூடிய அடாப்டர்கள் அதன் விளிம்பில் ஓடுகின்றன. தனியாக மின் இணைப்பு இல்லாத ஹப்பில் வைஃபை அடாப்டரையும், ஹார்ட் டிஸ்க்கையும், மவுஸையும் சேர்த்துச் செருகினால் தாங்காது. ராஸ்ப்பெர்ரி பையில் இது இன்னும் மோசம், ஃபோன் சார்ஜரை வைத்துப் பையை ஓட்டுகிறவர்கள் டிமெஸ்ஜியில் அண்டர் வோல்டேஜ் என்ற எச்சரிக்கையைத் தேடிப் பாருங்கள். அது ஒரு தடவை இருந்தாலும் முதலில் நல்ல சார்ஜரை மாற்றிவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகு அடாப்டரைப் பற்றிப் பேசலாம்.

மின்சாரம் சரி, டிஸ்கனெக்ட்டும் இல்லை, ஆனால் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஸ்கேன் கொடுத்தால் எழுந்திருக்க மறுக்கிறது என்றால் தூக்கம்தான் காரணம். ஐடபிள்யூவில் பவர் சேவை அணையுங்கள், லேப்டாப்பில் டிஎல்பி மாதிரி மின்சேமிப்பு நிரல் ஏதாவது இருந்தால் அதில் யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட் பட்டியலிலிருந்து இந்த அடாப்டரை விலக்குங்கள். கையால் தொட்டுப் பார்ப்பதும் நல்லது. நகக்கண் அளவு பிளாஸ்டிக்குக்குள் மணிக்கணக்கில் ஓடும்போது நன்றாகவே சூடாகிறது. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் வெளியே தொங்கவிட்டால் லேப்டாப்பின் சூடும் அதோடு சேராது.

சிக்னல் மோசம், இந்த அடாப்டர் இன்னொன்றைவிடக் குறைவாகப் பிடிக்கிறது

ரொம்பப் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சந்தேகம் போர்ட் மேல் இருக்கட்டும். யுஎஸ்பி 3.0 ஓடும்போது அதன் கேபிளும் தொடுமுனையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கக்குகின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு வெள்ளையறிக்கை வெளியிட்டிருக்கிறது. நீலப் போர்ட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் கோப்பு நகலெடுத்துக்கொண்டிருக்க, பக்கத்துப் போர்ட்டிலேயே குட்டி அடாப்டர் ஒட்டிக்கொண்டிருந்தால், அதன் காதுக்குள் யாரோ கத்திக்கொண்டிருக்கிற மாதிரி. நான் கெட்டுப்போனதாக ஒதுக்கிய இரண்டாவது அடாப்டரின் கதை இதுதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அடாப்டரை ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாற்றினேன், அதுவரை காணாத தூரத்து ரவுட்டர்களெல்லாம் வரிசையாக வந்தன. அந்தக் கேபிளுக்குக் கொடுக்கும் காசு ஆண்டெனாவுக்குக் கொடுப்பதைவிட உருப்படியான செலவு.

இரண்டாவது, டிபிஎம் எண்ணை (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்துக்குப் பக்கமாக இருந்தால் பலம்) வைத்து இரண்டு வேறு சிப்புகளை ஒப்பிடாதீர்கள். ஒன்று மைனஸ் 52 காட்டுகிறது, இன்னொன்று மைனஸ் 60, அதனால் முதலாவது நல்லது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு டிரைவரும் தன் கணக்கில் ஒரு எண்ணைக் கொடுக்கிறது, யாரும் அவற்றைத் தராசில் வைத்துச் சரிபார்த்து அனுப்புவதில்லை. ஒரே அடாப்டரை வைத்துக்கொண்டு அறைக்கு அறை ஒப்பிட அந்த எண் உதவும், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். பட்டியலில் எத்தனை பெயர் வந்தது என்று எண்ணுவதும் அப்படித்தான். ஒரு சுற்றில் 23, அடுத்த சுற்றில் 31 என்று அதே அடாப்டரே மாறி மாறிக் காட்டும். சேனலுக்குக் கால் வினாடி போல நின்று 13 சேனலைச் சுற்றி வரும்போது, தூரத்து ரவுட்டரின் பீக்கன் அந்தக் கால் வினாடிக்குள் பிழையில்லாமல் வந்து விழ வேண்டும், விழுந்தால்தான் பட்டியலில் இடம்.

பிறகு எப்படி ஒப்பிடுவது? உங்கள் சொந்த ரவுட்டரின் பீக்கன்களை எண்ணுங்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் 102.4 மில்லி வினாடிக்கு ஒரு பீக்கன் அனுப்புகின்றன, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 586. ரவுட்டரை 6ஆம் சேனலில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிலையாக வையுங்கள், ஆட்டோ வேண்டாம். அடாப்டரையும் மானிட்டர் மோடில் 6இலேயே நிறுத்துங்கள், சேனல் தாவ விடக்கூடாது. சரியாக ஒரு நிமிடம் பிடித்து, பிடித்ததைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் உங்கள் ரவுட்டரின் பிஎஸ்எஸ்ஐடியிலிருந்து (ரவுட்டரின் வைஃபை முகவரி) வந்த பீக்கன்களை மட்டும் வடிகட்டி எண்ணுங்கள். 586க்கு எத்தனை வந்தது என்பதுதான் மதிப்பெண். சேனலை நிறுத்தி வைத்து ஏரோடம்ப் ஓட்டினால் ஆர்எக்ஸ்க்யூ என்று ஒரு கட்டம் வரும், அதுவும் இதே மாதிரி சதவீதத்தில் சொல்லும்.

ரவுட்டர் இருக்கும் அறையில் எண்ணினால் எல்லா அடாப்டரும் நூற்றுக்குப் பக்கமாக வாங்கிவிடும், அங்கே ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டு சுவர் தள்ளி, ஒரு ஸ்டூல் போட்டு, அதே போர்ட், அதே கேபிள், அதே திசையில் வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அளந்ததைக் கடைசியில் இன்னொரு தடவை அளப்பது முக்கியம், நடுவில் பக்கத்து வீட்டில் யாராவது மைக்ரோவேவ் போட்டிருந்தால் அந்த வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும். இப்படி அளந்தபோது, வெளியே ஆண்டெனா உள்ள பழைய ஏஆர் 9271க்கும் நகக்கண் அளவு எம்டி 7601யுவுக்கும் இருக்கும் இடைவெளி எனக்குப் பளிச்சென்று தெரிந்தது, சுவர் கூடக் கூட இடைவெளியும் கூடியது. சின்ன அடாப்டரின் சிப் மோசமில்லை, ஆண்டெனாவுக்கு அதில் இடமே இல்லை.

ஆண்டெனா பெரிதாக இருந்தும் மதிப்பெண் ஏறவில்லையா? கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். கழற்றினாலும் அதே எண் வருகிறதென்றால் அந்தத் தண்டு அலங்காரத்துக்கு நிற்கிறது. என்னிடம் இருந்த ஒன்றை அடியில் ஒட்டியிருந்த மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்து பார்த்தேன், ஆண்டெனாவின் கம்பி போர்டில் பற்றவைக்கப்படவே இல்லை, பற்றவைக்க வேண்டிய புள்ளி பளபளவென்று புதிதாக இருந்தது. திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டியிருந்ததால் நானே சால்டரிங் வைத்து ஒட்டினேன், அதற்குப் பிறகு அது ஒழுங்காக வேலை செய்கிறது. கெடு இருந்தால் திறக்காதீர்கள், திறந்த தடம் இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

9 டிபிஐ (ஆண்டெனா அலையைக் குவிக்கும் அளவு) ஆண்டெனா வாங்கி மாட்டியதும் மாடியில் இருக்கும் ரவுட்டர் இன்னும் மங்கிப்போனது என்றால் அதுவும் பழுதல்ல. டிபிஐ கூடக் கூட அலை தட்டையாகப் பக்கவாட்டில் விரியும், மேலும் கீழும் குறையும். ஒரே தளத்தில் நீளமான இடத்துக்கு அது சரி, மாடி வீட்டுக்கு 2 அல்லது 5 டிபிஐயே மேல். தண்டைச் சாய்த்துப் படுக்கவைத்தும் அளந்து பாருங்கள்.

6ஆம் சேனலில் நிற்கிறேன், 5உம் 7உம் ஏன் தெரிகிறது

இது வழக்கம்தான். சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒவ்வொரு ரவுட்டரும் எடுத்துக்கொள்ளும் அகலமோ 20, அதனால் பக்கத்துச் சேனலின் பலமான பீக்கன் இங்கேயும் கேட்கும். ரவுட்டர் தன் சேனல் எண்ணைப் பீக்கனுக்குள்ளேயே எழுதி அனுப்புகிறது, அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விர்ச்சுவல் மெஷினில் காளி ஓட்டுகிறேன், வைஃபை அடாப்டரே காட்டவில்லை

விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குள், லேப்டாப்பின் சொந்த வைஃபை ஒரு சாதாரண ஈதர்நெட் கார்டாகத்தான் தெரியும், அதில் ஸ்கேன் நடக்காது. யுஎஸ்பி அடாப்டரை மெஷினின் யுஎஸ்பி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து உள்ளே அனுப்ப வேண்டும். ஃபர்ம்வேர் ஏறும் நேரத்தில் அடாப்டர் ஒரு கணம் மறைந்து மறுபடி தோன்றினால் வெளியே இருக்கும் இயங்குதளம் அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், அதனால் ஒரு தடவை கையால் அனுப்புவதோடு விடாமல், ஒவ்வொரு முறையும் தானாகவே உள்ளே அனுப்பும்படி ஃபில்டரும் போட்டு வையுங்கள். அப்படியும் அறுந்துகொண்டே இருந்தால், அடாப்டரைக் குறை சொல்வதற்கு முன்னால் அதே காளியைப் பென் டிரைவிலிருந்து நேரடியாக ஏற்றி, அந்த 586 சோதனையை அங்கே ஒரு தடவை செய்துவிடுங்கள்.